பட்டம் ஒன்றுக்கு ஓர் இண்டென்ட்

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: அப்பா, அம்மா, நான். இல்லாதவள் தங்கை. குமுளியில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. சீசன் நேரம் என்பதால் லீவு கிடையாது. எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரை ஒழுங்காக அறிந்த ஒரே ஆள் அவள்தான். இனி நான் சொல்லப்போவது அத்தனையும் தான் அங்கே இல்லாததால் நடந்தது என்று அவள் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். மறுக்க எனக்கு வழியில்லை.

நான் அப்போது எம்.ஏ. தமிழ் கடைசிப் பருவம். கல்லூரி பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில். வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போக வேண்டுமென்றால் கேரளத்தில் பஸ் ஏறி, தமிழ்நாட்டுக்குள் மூன்று பஸ் மாறி, கோவிந்தாபுரத்தில் மறுபடியும் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான், தங்கை இரண்டாவது. அம்மா கொழுந்து பறிப்பவள். அப்பா இருபத்தெட்டு வருடமாக எஸ்டேட் ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுப்பவர். அப்பாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். அதற்கு மேல் எழுத்தோடு அவருக்கு வேலையில்லை.

கடைசிப் பருவத்துக்கு ஓர் ஆய்வேடு எழுதிக் கொடுக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்துத் தமிழில் கலந்துபோன ஆங்கிலச் சொற்கள் என்பது என் தலைப்பு. 'பரேடு' என்பது எங்கள் வாயில் எப்படிப் 'பெரட்டு' ஆகி, காலையில் ஆள் எண்ணும் களத்துக்கே பெயராகிவிட்டது என்பதில் தொடங்கி, தொண்ணூறு சொச்சம் பக்கம். பஞ்சாயத்தில் கிடைத்த லேப்டாப்பில் நானே இரண்டு விரலால் தட்டி முடித்து, டீச்சருக்கு மெயிலில் அனுப்பிவிட்டுப் படிப்பு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன்.

சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் டீச்சரின் பதில் போனில் வந்தது. நாலே வரி.

'இண்டென்ட் இல்லை. ஸ்டைல் இல்லை. இரண்டையும் போட்டுத் திங்களன்று கொண்டு வரவும். புதன் நான்கு மணிக்கு மேல் யாருடையதையும் வாங்கமாட்டார்கள்.'

வாங்கவில்லை என்றால் ஒரு வருடம் போய்விடும். அம்மாவோ அதற்குள் லயம் முழுக்க, மேல் டிவிஷன் வரைக்கும், மகன் எம்.ஏ. முடித்துவிட்டான் என்று சொல்லி வைத்திருந்தாள்.

நான் சத்தமாகப் படித்ததும் அப்பா சோற்றுக் கையோடு நிமிர்ந்தார்.

"இண்டென்ட்டா? காலேஜுலயும் இண்டென்ட் உண்டுமா?"

"கேக்காங்களேப்பா."

"பின்ன கேக்காம? ஸ்டோருன்னு ஒண்ணு இருந்தா இண்டென்ட்டும் இருக்கும். அது இல்லாமயால அனுப்பி வெச்ச? எம்.ஏ. படிக்கியாம், எம்.ஏ.!"

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் இண்டென்ட் என்றால் ஸ்டோரிலிருந்து சாமான் கேட்டு எழுதும் சீட்டு. அது இல்லாமல் ஓர் ஆணிகூட வெளியே போகாது. நான் பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லை அந்த அர்த்தத்தில் மட்டுமே கேட்டிருக்கிறேன். என் ஆய்வேட்டின் அறுபத்து மூன்றாம் பக்கத்தில் 'இண்டென்ட்: பொருள் கேட்புச் சீட்டு' என்று நானே விளக்கமும் எழுதியிருக்கிறேன். கல்லூரி ஆபீஸிலும் எதைக் கேட்டாலும் ஒரு சீட்டைத்தான் கேட்பார்கள். நூலகத்துக்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று, தேர்வுக்கு மூன்று. ஆய்வேட்டுக்கும் ஒன்று இருக்கும் என்று நினைத்ததில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"அத விடுங்க, ஸ்டைலும் இல்லையாம்லா" என்றாள் அம்மா. "நான் எத்தன நாளாச் சொல்லுதேன், எண்ணெய வழிய வழிய வெச்சு வாரிக்கிட்டுப் போகாதன்னு. இப்பம் டீச்சரம்மாவே எழுதிட்டாக."

"அது என் தலைமுடியச் சொல்லலம்மா. எழுத்து நடையச் சொல்லுதாங்க."

"நடையும்தான் ஒழுங்கா இல்ல. கூன் போட்டுக்கிட்டு நடக்க."

அப்பா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "தாள எடு" என்றார். அவர் அப்படி ஒரு குரலில் என் படிப்பு விஷயத்தில் பேசி நான் கேட்டதே இல்லை. பள்ளிக்கூடம், கல்லூரி என்று எதை நான் சொன்னாலும் "நீ பாத்துக்கோ" என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஆனால் இண்டென்ட் அவருடைய இடம்.

ஒரு வெள்ளைத் தாளில் அவர் சொல்லச் சொல்ல நான் அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டேன். எந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கும் என்று அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தக் கட்டம் எங்கே, எவ்வளவு அகலம், எதில் எதை எழுத வேண்டும் என்பது தலைகீழாகத் தெரியும்.

"மேல வலப்பக்கம் நம்பரு. அதுக்குக் கீழ தேதி. மொதக் கட்டம் அகலமாப் போடு, உருப்படி. அடுத்து அளவு. அடுத்து கையிருப்பு. கடைசி கட்டம் வெல. கீழ ரெண்டு ஒப்பு: கேக்கவன் ஒண்ணு, குடுக்கவன் ஒண்ணு."

கையெழுத்துக்கு எங்கள் பக்கம் ஒப்பு என்றுதான் சொல்வோம்.

"உருப்படின்னு என்னப்பா எழுத? ஆய்வேடு, மூணு பிரதின்னு எழுதவா?"

"ஏலேய், அது நீ குடுக்கது. இண்டென்ட்டுன்னா கேக்குறது. நீ அவுககிட்ட என்ன கேக்க?"

யோசித்தேன். "பட்டம்."

"அத எழுது."

'எம்.ஏ. பட்டம்' என்று எழுதினேன். அளவு: ஒன்று.

"ரெண்டாப் போடுல, ஒண்ணு ஒடஞ்சாலும் ஒண்ணு இருக்கும்" என்றாள் அம்மா.

"சும்மா இரு. கூடக் கேட்டா கோடு போட்டு அடிச்சுருவாக. கையிருப்பு என்ன?"

"கையிருப்புன்னா?"

"ஏற்கெனவே நம்மகிட்ட எத்தன இருக்குன்னு. இருக்கும்போதே கேட்டா தர மாட்டாக. 'இல்லை'ன்னு போடு. நம்ம வம்சத்துலயே கெடையாதுல்லா."

'இல்லை' என்று எழுதினேன். விலைக் கட்டத்துக்கு வந்தபோது அப்பா என் கையைப் பிடித்தார்.

"அத இப்பம் தொடாத. சாமான் கைக்கு வந்த பெறவுதான் வெல ஏறும்."

கேட்பவர் இடத்தில் நான் ஒப்புப் போட்டேன். ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை இடம் இருந்தது. அப்பா பேனாவை வாங்கி, ஸ்டோரில் வரும் சீட்டுகளில் போடுவது போலவே அங்கே தன் பெயரைச் சாய்வாகப் போட்டு, கீழே ஒரு கோடு இழுத்தார்.

ஸ்டைல் என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க உட்கார்ந்து ஒவ்வோர் அத்தியாயத்திலும் ஸ்டைல் சேர்த்தேன். 'காலை ஆறரை மணிக்குத் தொழிலாளர்கள் பெரட்டுக் களத்தில் கூடுவர்' என்று இருந்ததை, 'மரகதப் பட்டுடுத்திய மலைமகள் பனித்துகில் களையும் பொன்னான வேளையில் தொழிலாளர்கள் பெரட்டுக் களத்தில் கூடுவர்' என்று மாற்றினேன். இருபத்தேழு இடங்களில் இப்படிச் செய்துவிட்டு, மனநிறைவோடு மத்தியானப் பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை டீச்சரின் அறை. டீச்சர் பாலக்காட்டின் பழைய கோயில் தெரு ஒன்றில் பிறந்தவர். அவர் பேசுகிற தமிழுக்கும் எங்கள் தமிழுக்கும் நடுவில் மூன்று மலை இருக்கும். லேப்டாப்பையும் அதன் மேலிருந்த தாளையும் வாங்கி, முதலில் தாளைப் பார்த்தார். அது அப்பாவின் சீட்டு.

"என்னதுடா இது?"

"இண்டென்ட், டீச்சர். நீங்க கேட்டது."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "உருப்படி, எம்.ஏ. பட்டம். அளவு, ஒன்று. கையிருப்பு..."

அதோடு நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தோள்கள் குலுங்கின. கோபமாக்கும் என்று நினைத்து நான் ஓர் அடி பின்னால் போனேன். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

"அய்யோ, என்னால முடியலைடா. பட்டத்துக்கு இண்டென்ட் போட்டிருக்கியா! நான் பாராவுக்குன்னா இண்டென்ட் கேட்டேன்!"

"பாராவுக்கா, டீச்சர்?"

"இதோ பாரு." கையருகே இருந்த புத்தகத்தைத் திறந்து காட்டினார். "ஒவ்வொரு பாராவும் முதல் வரி கொஞ்சம் உள்ள தள்ளி ஆரம்பிக்கறதோல்லியோ? அதுக்குப் பேரும் இண்டென்ட்தான். உன்னோடதுல எல்லாப் பாராவும் செவுத்துல முட்டிண்டுன்னா நிக்கறது!"

நான் ஐந்து வயதிலிருந்து புத்தகம் படிக்கிறேன். அந்தச் சின்ன இடைவெளியை லட்சம் தடவை பார்த்திருப்பேன். அதற்கு ஒரு பெயர் இருக்கும் என்றும், அதை ஒருவர் வேலை மெனக்கெட்டு வைக்கிறார் என்றும் அன்றுதான் தெரிந்தது.

"அப்ப ஸ்டைல்னா, டீச்சர்?"

"தலைப்பெல்லாம் ஒண்ணு பெரிசா, ஒண்ணு சின்னதா, ஒண்ணு சாஞ்சுண்டு இருக்கு. எல்லாத்தையும் ஒரே ஸ்டைல்ல வைன்னு சொன்னேன். ஏன், நீ என்ன பண்ணினே?"

லேப்டாப்பில் இரண்டாம் அத்தியாயத்தைத் திறந்து காட்டினேன்.

"மரகதப் பட்டுடுத்திய மலைமகள்..." டீச்சர் மெல்லப் படித்தார். "ஏண்டா, ஆள் எண்ணற எடத்துல மலைமகள் எங்கேர்ந்து வந்தா? அவளுக்கும் அன்னிக்கு வேலையா?"

"ஸ்டைலுக்கு, டீச்சர்."

இரண்டாம் முறை சிரித்து முடிக்க அவருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது. பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "மலைமகளை அனுப்பிச்சுடு. நீ மொதல்ல எழுதினதுதான் நன்னா இருக்கு. பாராவையும் தலைப்பையும் சரி பண்ணு. நாளன்னிக்கு நாலு மணி. அதுக்கு மேல நானே நினைச்சாலும் வாங்க முடியாது, அடுத்த வருஷந்தான். இன்னொண்ணு, இந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டுடாதே. பின்னிணைப்புல சேர்த்துடு. உன்னோட அறுபத்து மூணாம் பக்கத்துக்கு இதைவிட என்ன சான்று வேணும்? விலை மட்டும் ஏன் காலியா இருக்கு?"

"சாமான் கைக்கு வந்த பெறகுதான் எழுதணும்னு அப்பா சொன்னாங்க, டீச்சர்."

"சரியாத்தான் சொல்லியிருக்கார்."

அன்று மாலைக்குள் மலைமகளை இருபத்தேழு இடங்களிலிருந்தும் இறக்கிவிட்டேன். பிறகு பாராக்கள். முந்நூற்று நாற்பது இருந்தன. உள்ளே தள்ள வேண்டும், அவ்வளவுதானே? ஒவ்வொரு பாராவின் முன்னாலும் ஸ்பேஸ் பாரை ஐந்து தட்டு தட்டினேன். டக் டக் டக் டக் டக். அடுத்தது. விடுதி அறையில் கூட இருந்த, எருத்தேன்பதி ஊர்க்கார நண்பன் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினான்.

"ஏன்டா மாப்ள, தறி ஏதாச்சும் ஓட்டறயா?"

"பாராவை உள்ள தள்ளுறேன்."

"அதென்ன எருமையா, ஒண்ணொண்ணாப் புடிச்சுத் தள்ளறதுக்கு?" என்றான். ஆனால் வேறு வழி அவனுக்கும் தெரியவில்லை. அவனால் முடிந்தது ஒரு கடையைச் சொன்னதுதான். கல்லூரி வாசலில் இருக்கும் கடையில் தமிழைக் கொடுத்தால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக அச்சாகி வரும். கோவிந்தாபுரத்தில் ஓர் அக்கா கடை வைத்திருக்கிறாள், தமிழ் சுத்தமாக வரும் என்றான்.

செவ்வாய்க்கிழமை காலை அந்தக் கடையில் பென் டிரைவைக் கொடுத்தேன். அக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். லாரிக்காரர்களுக்குப் பில் அடித்துக் கொடுப்பதும் கல்யாணப் பத்திரிகையும்தான் அங்கே அதிகம். என் ஃபைலைத் திறந்தாள். என் லேப்டாப்பில் இருந்த எழுத்துரு அவளிடம் இல்லை. கம்ப்யூட்டர் வேறொன்றைப் போட்டுக்கொண்டது. அந்த எழுத்து கொஞ்சம் தடிமன். அவ்வளவுதான், மொத்த ஆய்வேடும் சரிந்தது. மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பு ஒரு பக்கத்தின் அடியில் தனியாகத் தொங்கியது. ஒரு பக்கத்தில் இரண்டே வரி, மீதி வெள்ளை. நானே எண் பார்த்துத் தட்டி வைத்திருந்த பொருளடக்கத்தில் ஒரு பக்க எண்கூடப் பொருந்தவில்லை. எல்லாவற்றையும்விட மோசம், நான் தட்டித் தட்டித் தள்ளிய பாராக்கள். ஒன்று ஒரு விரல் அகலம் உள்ளே, அடுத்தது இரண்டு விரல், அதற்கடுத்தது அரை விரல்.

"எல்லாத்துக்கும் அஞ்சுதானுங்க்கா தட்டினேன்" என்றேன். குரல் எனக்கே பாவமாகக் கேட்டது.

"ரெண்டு ஓரமும் சமமா இருக்கோணும்னு வெச்சிருக்கீங்கல்லொ, அப்ப கம்ப்யூட்டரு எடவெளியெல்லாம் புடிச்சு இழுக்குமுங்க. நீங்க தட்டுனதையும் சேத்துத்தான் இழுக்கும்." சொல்லிக்கொண்டே மேலே இருந்த ஒரு குறியை அழுத்தினாள். திரை முழுக்கப் புள்ளிகள் முளைத்தன. நான் தட்டிய ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு புள்ளி.

அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தாள். "ஏனுங்க தம்பி, இத்தன புள்ளி வெச்சிருக்கீங்களே, கோலம் போடப் போறீங்களா?"

பில்லுக்கு நின்றிருந்த லாரிக்காரர் எட்டிப் பார்த்து, "தேர்க் கோலமே போடலாமுங்க" என்றார்.

"நாளைக்கு நாலு மணிக்குக் குடுக்கணுங்க்கா. இல்லாட்டி ஒரு வருஷம் போயிரும்."

"நாள மணி நாலாகறதுக்குள்ள இன்னும் எத்தன டீ குடிக்கோணும்! எந்திரிச்சு இங்க வந்து உக்காருங்க. எனக்குப் பில்லு கெடக்குது. நான் சொல்லச் சொல்ல நீங்களே பண்ணுங்க."

உட்கார்ந்தேன். முதலில், ஐந்து ஸ்பேஸ் சேர்ந்து வரும் இடமெல்லாம் தேடி ஒன்றுமில்லாமல் ஆக்கச் சொன்னாள். ஒரு கட்டளை, ஒரு சொடுக்கு. நேற்று ராத்திரி முழுக்க நான் தட்டியது ஒரு நொடியில் போயிற்று.

"இப்ப 'ஸ்டைல்'னு மேல இருக்குதுங்களா? அதுல 'நார்மல்' மேல மவுசுல வலப்பக்கம் அமுத்தி, மாத்தறதுக்குள்ள போங்க. பாராகிராஃப். மொத வரி. ஒண்ணு புள்ளி ரெண்டு ஏழு சென்டிமீட்டரு."

"எந்தப் பாராவுக்குங்க்கா?"

"எல்லாத்துக்குந்தானுங்க. பாராகிட்டத் தனித்தனியாவா போய்ச் சொல்லுவீங்க? ஸ்டைலுகிட்டச் சொன்னாப் போதும்."

ஓகே அழுத்தினேன்.

முந்நூற்று நாற்பது பாராக்களும் ஒரே சமயத்தில், ஒரே அளவு, உள்ளே ஓர் எட்டு வைத்தன. முதல் பக்கம் மட்டும்தானோ என்று வேகமாகக் கீழே உருட்டினேன். இருபதாம் பக்கம், நாற்பதாம் பக்கம், அறுபத்து மூன்றாம் பக்கம். எல்லாம் நின்றன, அழகாக, வரிசையாக. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மறுபடியும் உள்ளே போய் இரண்டு என்று மாற்றினேன். எல்லாம் இன்னும் உள்ளே போயின. சைபர் போட்டேன், வெளியே வந்தன. திரும்ப உள்ளே. திரும்ப வெளியே.

"போதும் உட்ருங்க தம்பி" என்றாள் அக்கா. "பாராவுக்குக் கால் வலிக்கும்."

தலைப்புகளுக்கும் ஸ்டைல் வைத்தோம். வைத்ததும் பொருளடக்கம் தானாக வந்து நின்றது. அதில் பக்க எண்ணும் தானாக வந்தது. அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. வீடியோவில் அப்பாவைக் கூப்பிட்டேன். மத்தியான இடைவேளை. ஸ்டோரின் ஷட்டர் முன்னால் நின்றிருந்தார். கேமராவைத் திரைப் பக்கம் திருப்பி, பாராக்களை ஒரு தடவை வெளியே அனுப்பி உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன்.

அப்பா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "இன்னொருக்காச் செய்யி."

செய்தேன்.

"ஒரு ஆள்கூடப் பிந்தலையேல! பெரட்டுல கங்காணி கத்துனாக்கூட நம்ம ஆளுக இப்படி நிக்க மாட்டானுவளே! யாரு ஒப்புல இதெல்லாம் நடக்கு?"

"ஸ்டைல்னு ஒண்ணு இருக்குப்பா. அதுக்கிட்டச் சொன்னா எல்லாரும் கேப்பாங்க."

"அப்பம் அதான் மேனேசரு" என்றார் அப்பா. இன்றுவரை அதைவிடச் சரியான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

மூன்று பிரதி, கெட்டி அட்டை. பின்னிணைப்பில் அப்பாவின் சீட்டு மட்டும் கலரில், அவருடைய நீல மை அப்படியே தெரியும்படி. அக்கா பில் எழுதும்போது கடைசி வரியாக 'புள்ளி எடுத்தது: இலவசம்' என்று சேர்த்தாள்.

புதன்கிழமை மூன்று மணி இருபது நிமிடத்துக்கு டீச்சரின் மேசையில் வைத்தேன். புரட்டினார். பாராக்களை விரலால் தடவிக்கொண்டே போனார். பின்னிணைப்பில் நின்று, அசல் சீட்டைக் கேட்டு வாங்கினார்.

"கொடுக்கறவா ஒப்பு நான் போட முடியாதுடா. அது பல்கலைக்கழகம்" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்பாவின் கையெழுத்துக்குப் பக்கத்தில் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதித் தன் ஒப்பையும் போட்டுக் கொடுத்தார்.

பட்டம் கைக்கு வந்து நான் வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் இருந்தோம். அம்மா புடவையில் கையைத் துடைத்துவிட்டு அதை வாங்கித் தடவிப் பார்த்தாள். "இதுலயும் மொத வரி உள்ளதான் தள்ளியிருக்கு" என்று பெருமையாக எல்லாருக்கும் காட்டினாள். உண்மையில் அது நடுவில் இருந்தது.

"நான் அன்னைக்கு வீட்டுல இருந்திருந்தா அஞ்சு நிமிஷ வேலண்ணே" என்று தங்கை ஆரம்பித்தாள்.

"நீ இருந்திருந்தா இந்த இண்டென்ட்டே இருந்திருக்காதே" என்றார் அப்பா. அலமாரியிலிருந்து சீட்டை எடுத்துவந்து என் முன்னால் விரித்தார். "சாமான் வந்தாச்சுல்லா. வெலய ஏத்து."

"எதக் கணக்கு வெச்சு ஏத்த?" என்றாள் அம்மா. "ஆஸ்டலு, பஸ்சு, பீசு..."

"அதெல்லாம் நாம குடுத்தது. இண்டென்ட்டுல பில்லு உள்ளதுதான் ஏறும். பில்லு இருக்கால?"

கோவிந்தாபுரத்துக் கடைப் பில் ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அதைப் பார்த்து, காலியாக இருந்த கடைசிக் கட்டத்தில் எழுதினேன்: ரூபாய் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு.